கோட்டுக்குக் கீழே என் தண்ணீர்

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொம்பளை கமலை வடத்தில் ஏறி உட்கார்ந்தால் கிணறு வற்றிவிடும் என்பார்கள். நான் வருஷக்கணக்கில் உட்கார்ந்தேன். கிணறு வற்றியதும் நிஜம்தான். ஆனால் வற்றடித்தது நான் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மதுரையிலிருந்து வண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாரே ஆயில் இன்ஜின், அது வற்றடித்தது. இதை நான் அன்றைக்கே சொன்னேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன், வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது கம்பத்துப் பக்கம். அங்கே பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி, வாய்க்கால் வழியாகத் தானாக வயலுக்கு வரும். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் நின்றால் போதும். தண்ணீரைக் கீழேயிருந்து மேலே தூக்கி எடுக்க வேண்டும் என்கிற சங்கதியே எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிக்கொடுத்த இடமோ ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வானம் பார்த்த ஊர். மழை பெய்தால் சோளம் விளையும், பெய்யாவிட்டால் களத்தில் புழுதிதான். கிணறு இருக்கிறவர்கள் மட்டும் தோட்டம் போடலாம். வந்த புதிதில் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றினேன் என்று என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் பெண்டாட்டி, என்னை ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணிக்காட்டுல பொறந்த திமிரு" என்றாள். திமிர் இருந்தது வாஸ்தவம். அது தண்ணீரால் வந்தது இல்லை என்று போகப் போகத் தெரிந்துகொண்டாள்.

எங்கள் தோட்டத்துக் கிணறு மாமனார் வெட்டியது. அவருக்கு இரண்டு பிள்ளைகள். கிணற்றின் வடகரையில் அண்ணனுக்கு ஒரு கமலை, தென்கரையில் தம்பிக்கு ஒரு கமலை. ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. அவர்கள் நாளில் நாங்கள் கிணற்றைத் தொடக்கூடாது, எங்கள் நாளில் அவர்கள் தொடக்கூடாது. இதுதான் மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஊர்ப் பெரிய மனிதர்களை வைத்துச் செய்த ஏற்பாடு. அதில் ஒரு ஓட்டை இருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கமலையைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிணற்று விளிம்பில் இரண்டு கால் நட்டு, நடுவில் ஓர் உருளை மாட்டியிருப்பார்கள். அதன் மேல் வடம் ஓடும். வடம் என்றால் கை கொள்ளாத தடிக்கயிறு. அதன் ஒரு முனையில் கூனை என்கிற பெரிய இரும்பு வாளி, மறு முனையில் ஒரு ஜோடி மாடு. மாடுகள் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால் கூனை தண்ணீரோடு மேலே வரும். கூனையின் அடியில் தும்பி என்று ஒரு தோல் குழாய் தொங்கும். மேலே வந்ததும் தும்பி வாயில் கட்டிய வால்கயிறு அதைத் தொட்டிப் பக்கம் இழுக்க, தண்ணீர் மொத்தமும் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். அப்புறம் மாடுகள் திரும்பக் கூடாது. அப்படியே பின்னடியாக நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும், கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். இந்தப் பின்னடி நடையைப் பழக்க ஒரு வருஷம்கூட ஆகும். வண்டி மாட்டுக்கும் உழவு மாட்டுக்கும் அது வராது. மாடு சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து, தன் பாரத்தையும் இழுப்புக்குக் கொடுப்பார். அந்த உட்காருவதில்தான் வந்தது வம்பு.

என் வீட்டுக்காரர் பருத்தி ஏற்றிக்கொண்டு தேனிச் சந்தைக்குப் போன வண்டி ஓடைப் பாலத்தில் கவிழ்ந்தது. இடுப்பில் பலமான அடி. புத்தூர்க் கட்டு, ஒத்தடம், எண்ணெய் எல்லாம் ஆயிற்று. எழுந்து கம்பு ஊன்றி நடந்தார். உட்கார்ந்த இடத்தில் மண்வெட்டி பிடித்து மடை மாற்றுவார். ஆனால் கமலைச் சரிவில் ஏறி இறங்க அவரால் ஆகவில்லை. மிளகாய்ச் செடி பூ வைத்திருந்த நேரம். கூலிக்கு ஓட்ட வந்தவன் வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். ஒருநாள் காலையில் பார்த்தேன், பார்த்தேன், ஆள் வரவில்லை. சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நானே மாட்டைப் பூட்டினேன். முதல் நடை இறங்கியதும் வடத்தில் ஏறி உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் கூனை மேலே வந்து தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் பயம் போய்விட்டது.

மூத்தவர் வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ, மேல்துண்டுகூட இல்லாமல் வந்தார். அவரை நான் இனிமேல் மூத்தவர் என்றே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புருஷனின் அண்ணனோடு பொம்பளை நேருக்கு நேர் பேசக்கூடாது. அவரும் தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசமாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிய எறங்கச் சொல்லு. பொம்பள ஏறுன வடம் கெணத்துக்கு ஆகாது."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். அவர் பொல்லாத நல்லவர், அண்ணன் முன்னால் வாயே திறக்கமாட்டார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மூத்தவரோடு நான் பேசக்கூடாது, சரி. மாட்டோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஜோடியில் ஒன்று மயிலை, ஒன்று செவலை. செவலை காதை ஆட்டிக்கொண்டே கேட்கும். அதன் முதுகைத் தட்டிக்கொண்டு சொன்னேன்.

"செவல, வீட்டுக்காரரால எந்திரிக்க முடியல. மொளகா வாடுது. கெணத்துக்கு ஆகாதுன்னு சொல்றவுகள எங்க முறைக்கு வந்து ஒருநா ஓட்டித் தரச் சொல்லு. நான் எறங்கிக்கிறேன்."

மூத்தவர் வந்த வழியே திரும்பினார். ஓட்டித் தரவில்லை. என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்கவும் வலிக்குது புள்ள, சும்மா இரு" என்றார். அன்றிலிருந்து மூத்தவருக்கும் எனக்கும் செவலைதான் தூது. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மிளகாய் காய்த்தது.

அந்த ஏற்பாடு சில வருஷம் ஓடியது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மூத்தவருக்கு இன்ஜின் ஆசை வந்தது. தேனிப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத் தூக்கம் இல்லை. இன்ஜின் வந்த அன்று ஊரே கூடியது. மாலை போட்டு, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தார்கள். தேனியிலிருந்து மிஷின் மாட்ட வந்த பிட்டர் சக்கரத்தைச் சுற்றி விட்டதும் அது இருமிக் கனைத்து, அப்புறம் டப்டப் என்று ஓடியது. குழாயில் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன், அதை மறைக்கவேண்டியதில்லை. நல்ல மிஷின்தான். மிஷின் மேல் எனக்கு என்ன பகை?

அந்த மிஷின் தண்ணீரை ரொம்ப ஆழத்திலிருந்து உறிஞ்சாதாம். தண்ணீருக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டுமாம். அதனால் வடபக்கத்துச் சுவரில் பாதி ஆழத்தில் ஒரு மேடை வெட்டி அங்கே இறக்கி வைத்தார்கள். மூத்தவர் தன் கமலைக் கால்களைப் பிடுங்கி, கரையில் எண்ணெய், சாமான் வைக்கக் கொட்டகை போட்டார். மாடுகளைச் சந்தையில் விற்றார். நல்ல ஜோடி, பின்னடி நடையில் எங்கள் மாட்டையும் தூக்கிச் சாப்பிடும். விற்றுவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "நீயும் வித்துரு. இன்னும் எத்தன நாளைக்கு அந்த வாயில்லாச் சீவனப் போட்டு வதைப்ப?"

நான் செவலைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தேன். "செவல, ஒனக்கு வாயில்லையாம்" என்றேன்.

இப்போது அந்த ஓட்டைக்கு வருகிறேன். மாமனார் முறையை நாளால் பிரித்தார், தண்ணீரால் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. இந்தக் கரையிலும் மாடு, அந்தக் கரையிலும் மாடு. எந்த ஜோடியும் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் இறைக்கும். பொழுது சாய்ந்தால் அவிழ்த்துவிடுவார்கள். இரவெல்லாம் ஊற்றுக் கண்ணிலிருந்து தண்ணீர் ஊறும், விடிந்தால் மறுநாள்காரருக்குக் கிணறு தயாராக இருக்கும். நாள் என்றால் பகல்தான், இரவு சேராது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாடு தூங்காமல் இறைக்கும் என்று யார் கண்டார்கள்? இன்ஜினுக்குத் தூக்கம் கிடையாது. மூத்தவர் தன் முறையன்று பகலெல்லாம் ஓட்டி, இரவும் ஓட்டி, மறுநாள் வெள்ளி முளைக்கும்போது நிறுத்தினார். எனக்காக ஊற வேண்டிய தண்ணீரும் அவருடைய வாழைக்குப் போயிற்று.

விடிந்து நான் மாட்டைப் பூட்டினால் கூனை தரையில் இடிக்கும். மேலே வருவது பாதிக் கூனை சேறு. மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்ற சமயம். செடி காலையிலேயே தலை தொங்கியது. கிணற்றில் இறங்கிக் குடத்தில் மொண்டு, தலையில் சுமந்து வேருக்கு ஊற்றினேன். ஒரு தோட்டத்தைக் குடத்தால் காப்பாற்ற முடியுமா? அந்தச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகியதைப் பார்த்து அழுதேன். அழுததில் எனக்கு வெட்கம் இல்லை.

என் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லி அனுப்பினேன். மூத்தவர் சொன்ன பதில்: "ஒங்க நாள்ல நான் தொட்டேனா? எங்க நாள்ல நான் எதுவும் செய்வேன்." சாவடியில் பெரிய மனிதர்களிடம் போனோம். அவர்களும் அதையே சொன்னார்கள். முறை என்றால் நாள்தான், தண்ணீரை அளந்து யார் பிரித்தது என்றார்கள். ஏற்பாடு செய்தபோது கூட இருந்தவர் ஒருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

சித்திரை முடிவதற்குள் மூத்தவர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடி தம்பியிடம் சொன்னார்.

"இங்கரு, ஒன் பங்குக் கெணத்தையும் சேத்து நானே பாத்துக்கிறேன். தோட்டத்தையும் ஏங்கிட்ட விட்டுரு. வருசாவருசம் சோளம், கம்புன்னு தவசம் வீடு தேடி வந்துரும். இடுப்பு ஒடிஞ்சவன் எதுக்குப் போராடணும்?"

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "விட்டுருவோமா புள்ள? ஒங்க ஊர்ப் பக்கம் போயிரலாம். அங்கன வயல் வேல எப்பவும் கெடைக்கும்."

"எங்க ஊருல தண்ணி தானா வரும்" என்றேன். "தானா வர்ற தண்ணியக் குடிச்சு வளந்தவ நான். இங்கன வந்து தூக்கிக் குடிக்கக் கத்துக்கிட்டேன். கையெல்லாம் காய்ச்சுப்போச்சு. இந்தக் கெணத்துல எம் பங்க விட்டுட்டு, அங்கன போயி எவன் வரப்புலயோ நிக்கவா? நீங்க போறதுன்னா போங்க. நானும் செவலயும் மயிலையும் இங்கனதான் இருப்போம்."

அவர் போகவில்லை. அந்தக் கோடையை வரகுக்கஞ்சியிலும் பல்லைக் கடித்துக்கொண்டும் கழித்தோம். மாடு இரண்டையும் விற்கவில்லை. தீவனத்துக்கு நான் ஓடைக்கரையெல்லாம் புல் அறுத்தேன்.

அந்தக் கோடையில் தண்ணீர் கீழே கீழே போனது. இன்ஜினுக்கு எட்டவில்லை. மூத்தவர் கல் உடைக்கிறவரைக் கூப்பிட்டு, பழைய மேடைக்குக் கீழே பாறையில் இன்னொரு மேடை வெட்டச் சொன்னார். இன்ஜினைச் சங்கிலி போட்டு ஆள் கூட்டி அங்கே இறக்கினார்கள். பிட்டர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது.

"ஐயா, இதுக்கு மேல எறக்காதீக. மழ பிடிக்கிறதுக்கு முன்னாடி மேல ஏத்திருங்க."

"ஐப்பசி வரட்டும்ப்பா, அப்பப் பாத்துக்கிருவோம்" என்றார் மூத்தவர்.

ஐப்பசி வந்தது. பார்த்துக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை. வருஷநாட்டு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து ஒரே மூச்சில் கொட்டியது. ஓடை கரையை மீறித் தோட்டத்துக்குள் ஏறியது. காலையில் போய்ப் பார்த்தால் கிணறு கைக்கெட்டும் தூரத்தில் செம்மண் கலங்கலாகத் தளும்பிக்கொண்டு நின்றது. இன்ஜினும் இல்லை, மேடையும் இல்லை. எல்லாம் அடியில்.

மூத்தவர் கிணற்று மேட்டில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருந்தது என்று சொன்னால் நிஜம். பிட்டரைக் கூட்டி வந்தார்கள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "நாளாக ஆக உள்ள இருக்கிறதெல்லாம் துருவேறிப் போகும். வண்டல் படிஞ்சு மூடிருச்சுன்னா பழைய இரும்பு வெலைக்குத்தான் போகும். தண்ணிய எறைச்சு வெளிய எடுங்க, நான் கழட்டிச் சுத்தம் பண்ணித் தாரேன்" என்றான்.

எதை வைத்து இறைப்பது? இறைக்கிற மிஷின் தண்ணீருக்குள். மூத்தவரின் கமலைக்கால் கொட்டகையாகி, அந்தக் கொட்டகையும் வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது. மாடு சந்தையில் போனது. மழை பெய்த ஈரத்தில் ஊரில் அத்தனை ஏரும் விதைப்பில் இருந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்கிறவன் எவன் மாட்டைக் கொடுப்பான்?

அடுத்த நாள் அவர் முறை. யாரிடமோ கெஞ்சி ஒரு ஜோடி வண்டி மாட்டை ஓட்டி வந்தார். எங்கள் கமலையில் பூட்டிக்கொள்ளலாமா என்று தம்பியிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "தாராளமா" என்று செவலையிடம் சொன்னேன். வண்டி மாடுகள் சரிவில் ஜோராக இறங்கின. கூனை நிறைய வந்தது. கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்புறம் மாடுகள் பின்னடி வைக்க வேண்டும். அவை வைக்கவில்லை. அப்படியே சுற்றித் திரும்பி நேராக மேலே நடந்து வந்தன. வடம் நுகத்தில் சிக்கி முறுக்கிக்கொண்டது, கூனை தடாலென்று கிணற்றில் விழுந்தது. மறுபடி பூட்டினார்கள். இந்த முறை ஒன்று சரிவிலேயே படுத்துக்கொண்டது. அடித்தும் பார்த்தார்கள், வாலைக் கடித்தும் பார்த்தார்கள். எழுந்திருக்கவில்லை. புங்கமரத்தடியில் கட்டியிருந்த செவலை அசை போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவர் ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"ஏலே, நாளைக்கு ஒங்க முறதான. மாட்டப் பூட்டச் சொல்லு."

"சரிண்ணே" என்றார் என் வீட்டுக்காரர் உடனே.

நான் தொழுவத்தில் இருந்தேன். சத்தமாகவே சொன்னேன்: "பூட்டுவோம்னு சொல்லு செவல. எங்க மாடு, எங்க வடம். பொம்பள ஏறுனா கெணறு வத்திப்போகும்னாக. இப்ப வத்தணும்னுதான வந்து கேக்குறாக."

மூத்தவர் போய்விட்டார். என் வீட்டுக்காரர் தொழுவத்து வாசலில் வந்து நின்று, "அவரு நொந்துபோயி வந்திருக்காரு, இப்பப் போயி குத்திக் காட்டுறியே" என்றார்.

"நான் காட்டுறது இன்னும் பாக்கி இருக்கு" என்றேன். காலையில் கல் உடைக்கிறவரை உளியோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். வந்தால் தெரியும் என்றேன்.

மழை விட்டிருந்தது. விடிந்ததும் பூட்டினேன். கிணறு நிறைந்திருந்ததால் முதலில் கூனை சீக்கிரம் சீக்கிரம் வந்தது. தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட்டோம். இறங்குவதும் ஏறுவதுமாக மாடுகளுக்கு நுரை தள்ளியது. வெயில் ஏறினால் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவேன், இளைப்பாற்றி மறுபடி பூட்டுவேன். மறுநாள் அவர் முறை. முறை கிறை பார்க்காமல் அன்றைக்கும் ஓட்டினேன். அதற்கடுத்த நாளும் ஓட்டினேன். ஊர்க்காரர்கள் விதைப்பை முடித்துவிட்டு வந்து கிணற்று மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொம்பளை வடத்தில் உட்காரக்கூடாது என்று சொன்ன வாய் ஒன்றும் அன்று திறக்கவில்லை. கல் உடைக்கிறவர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் கிணற்றில் மேல்பாதி கல் கட்டுமானம், கீழ்ப்பாதி பாறை. கட்டுமானம் முடிந்து பாறை தொடங்குகிற இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் இறங்கி இறங்கி அந்த மட்டத்துக்கு வந்தது. இன்ஜினின் புகைக்குழாய் நுனி தண்ணீருக்கு மேல் தலை நீட்டியது. மேட்டில் நின்றவர்கள் ஒரே சத்தம் போட்டார்கள். மூத்தவர் எழுந்து வந்து விளிம்பில் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் நாலு நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

நான் வடத்திலிருந்து இறங்கினேன். நுகத்தைக் கழற்றி மாடுகளைப் புங்கமரத்தடிக்கு ஓட்டிப்போய்க் கட்டினேன்.

"மாடு களைச்சிருச்சு போல" என்றார் ஒருவர்.

நான் செவலையின் நெற்றியைத் தடவினேன். "செவல, நீ களைக்கல. இந்தா தண்ணி நிக்கிற மட்டத்துல, பாறை ஆரம்பிக்கிற எடத்துல, கல்லுல ஒரு கோடு வெட்டணுமாம். வெட்டுனாத்தான் நீ திரும்ப எறங்குவியாம்."

கல் உடைக்கிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு உளியை எடுத்தார். மூத்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததோ என்னவோ. தம்பியைப் பார்த்துக் கேட்டார்: "ஏலே, ஒம் பொண்டாட்டி என்னடா சொல்றா?"

என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இத்தனை வருஷமாக அண்ணன் சொன்னதை எனக்கும் நான் சொன்னதை அண்ணனுக்கும் கடத்திக் கடத்திக் களைத்துப்போன மனுஷன். என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"எனக்கு எங்க தெரியும்ணே? அவ செவலகிட்டச் சொன்னா. நீங்களே கேட்டுக்கங்க" என்றார்.

அவர் அண்ணனுக்கு எதிராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

மூத்தவர் கிணற்றைப் பார்த்தார். புகைக்குழாய் நுனியைப் பார்த்தார். அப்புறம், கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஆத்தா வேணும் ஒனக்கு?"

நானும் செவலையை விட்டுத் திரும்பினேன்.

"ஒரு நாளு வேணாம் மச்சான். அரைக் கெணறு வேணும். கோட்டுக்கு மேல ஒங்க இன்ஜின், கோட்டுக்குக் கீழ எங்க மாடு. ஒங்க நாள்ல ராத்திரி பகலா ஓட்டுங்க, நான் கேக்கல. தண்ணி கோட்டத் தொட்டதும் நிப்பாட்டிரணும். அதுக்குக் கீழ நிக்கிறது மறுநா எனக்கு."

"இன்ஜின் வெளிய வரட்டும். வந்த பெறகு வெட்டிக்கலாம்ல. எங்க ஓடியா போயிருவேன்?"

"இன்ஜின் வெளிய வந்த பெறகு எம் பேச்ச யாரு மச்சான் கேப்பாக? சாவடியில கேட்டாகளா? இந்தா இதுல பாதிப்பேரு அங்கன உக்காந்திருந்தவுகதான்."

மேட்டில் நின்றவர்கள் காலை மாற்றி நின்றார்கள். மூத்தவர் அவர்களை ஒருதரம் பார்த்தார். அவர்கள் கிணற்றுக்குள் பார்த்தார்கள். கிணற்றின் கரை ஓரத்தில் ஊறிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊறுவதை அவரும் கேட்டார். நேரம் ஆக ஆகப் புகைக்குழாய் மறுபடி முழுகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

"வெட்டுப்பா" என்றார் கல் உடைக்கிறவரிடம்.

அவர் படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த மட்டத்திலேயே உளியை வைத்தார். இரும்புச் சத்தம் கிணறு முழுக்கக் கேட்டது. ஒரு முழ நீளத்துக்கு ஒரு கோடு, விரல் பதிகிற ஆழத்துக்கு. வெட்டி முடித்துவிட்டுக் கையால் தடவிப் பார்த்தார். "இது பேரப்பிள்ள காலத்துக்கும் அழியாது" என்றார்.

மாட்டை அவிழ்த்து வந்து பூட்டினேன். அன்று பொழுது சாய்வதற்குள் இன்ஜின் முழுசாக வெளியே தெரிந்தது. சேறு வழிய வழியச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். பிட்டர் அதைத் தேனிக்கு வண்டியில் ஏற்றிப் போய், பிரித்துக் காயவைத்து, எண்ணெய் போட்டு ஓட வைத்துக் கொண்டுவந்தான். இந்தத் தடவை கோட்டுக்கு மேலே, பழைய மேடையில் வைத்தார்கள். பிட்டருக்கும் அதுதான் சரியென்று பட்டது.

அடுத்த கோடையில் என் தோட்டத்தில் வெங்காயம் போட்டிருந்தேன், மிளகாயும் இருந்தது. ஓர் அதிகாலையில், மாட்டைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். மூத்தவர் கிணற்றுப் படியில் உட்கார்ந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே தண்ணீர் கோட்டைச் சரியாகத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே அரைக் கிணறு தெளிந்த தண்ணீர், அத்தனையும் எனக்கு.

அவர் என்னைப் பார்த்தார். பழக்க தோஷம், பார்வையைத் திருப்பிக்கொண்டார். செவலையைப் பார்த்துச் சொன்னார்: "செவல, கோட்டுல நிப்பாட்டிட்டேன்னு சொல்லிரு."

"நான் இங்கனதான நிக்கிறேன் மச்சான்" என்றேன். "ஏங்கிட்டயே சொல்லுங்க."

துண்டைத் தோளில் போட்டார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

"தண்ணி கோட்டுல நிக்குது ஆத்தா. பூட்டிக்க."

"சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கவே மாட்டைப் பூட்டி, சேலையை இழுத்துச் செருகி, வடத்தில் ஏறி உட்கார்ந்தேன்.